வாரேன்னு சொல்லிட்டுப் போனவள்

1988 ஜூலை 24, மல்லாங்கிணறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் அப்பா சிமெண்டைக் குழைத்துக்கொண்டு மேற்குச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். வருஷா வருஷம் இதே வேலைதான். சன்னல் மூலையிலிருந்து தரை வரைக்கும் ஒரு வெடிப்பு. கோடையில் வாயைத் திறக்கும், ஐப்பசி மழையில் மூடிக்கொள்ளும், அப்பா பூசியதெல்லாம் பொருக்குப் பொருக்காக உதிரும். வீடு கரிசலில் நிற்கிறது, வேறொன்றுமில்லை. தண்ணீர் குடித்தால் உப்புகிற மண், காய்ந்தால் சுருங்குகிற மண். அதைப் படிக்கத்தான் நான் அமெரிக்கா போகப்போகிறேன் என்றால் தெருவே சிரிக்கிறது.

பக்கத்து வீட்டுக் குருவம்மாள் அத்தை இன்றைக்கும் கேட்டார்கள். "கரிசலு இங்கனதான கெடக்கு. அதப் படிக்க எதுக்குத்தா ஏரோப்பிளான்ல போற?"

நியாயமான கேள்வி. டெக்சாஸிலும் இதே மண்தான் அத்தை, அங்கே அதை ஆராய மெஷின் வைத்திருக்கிறார்கள், எனக்குச் சம்பளமும் தருகிறார்கள் என்றேன். "மண்ணப் பாக்கச் சம்பளமா?" என்று போய்விட்டார்கள்.

1988 ஆகஸ்ட் 11, மதுரை ரயிலடி

இன்றைக்கு நடந்ததை நினைத்தால் அழுகை வருகிறது. சிரிப்பும் வருகிறது.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பெட்டியை ஏற்றி, நானும் ஏறி, சன்னல் வழியாகத் தலையை நீட்டி, இருந்த படபடப்பில் "அம்மா, போறேன்" என்று சொல்லிவிட்டேன். அம்மா முகம் செத்துப்போயிற்று. எங்கள் பக்கத்தில் யாரும் போறேன் என்று சொல்லமாட்டார்கள். கடைக்குப் போனாலும் வாரேன் என்பதுதான் வழக்கம். போறவர் என்றால் திரும்பாதவர்.

அம்மா பஸ்ஸில் ஏறி என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்கள். கண்டக்டர் விசில் மேல் விசில் ஊதுகிறார். "ஊதட்டும். நீ ஒழுங்கா சொல்லிட்டு ஏறு."

"போயிட்டு வாரேம்மா."

"ம். இப்ப ஏறு."

பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள். அப்பா என்னோடு மதுரை வரைக்கும் வந்தார். பாதி வழி சன்னல் வழியாகக் கரிசலையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம், "ஒங்கம்மா சொல்றதுல ஒரு இது இருக்கு ஸ்டெல்லா" என்றார். என்ன இது என்று சொல்லவில்லை.

1988 செப்டம்பர் 4, டெக்சாஸ்

எவ்வளவு பெரிய பல்கலைக்கழகம் இது! பந்து விளையாடுகிற மைதானத்தில் மட்டும் அருப்புக்கோட்டைச் சனம் மொத்தத்தையும் உட்கார வைக்கலாம். முதல் வாரம் முழுக்க வழிதவறியே அலைந்தேன். கேட்டவர்கள் எல்லோரும் கூடவே நடந்து வந்து கொண்டுபோய் விட்டார்கள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

டாக்டர் விட்மன்தான் என் பேராசிரியர். படிப்புக்குப் பணம் கட்ட வேண்டாம், மாதச் சம்பளமும் உண்டு. அதற்குப் பதிலாக அவருடைய மண் லேபில் வேலை பார்க்க வேண்டும். அந்த வேலை போனால் படிப்பும் போச்சு, அடுத்த ஏரோப்பிளான்தான்.

லேபைப் பார்த்துக்கொள்கிறவர் ஏர்ல். அறுபது வயதுக்குப் பக்கத்தில் இருப்பார். பெரிய உடம்பு, தொப்பி, சுருக்கமான பேச்சு. சாவி எல்லாம் அவரிடம்தான். இன்றைக்கு என்னை வெளியே கூட்டிப்போய்த் தரையைக் காட்டினார். கறுப்பு மண், பாளம் பாளமாக வெடித்து. குனிந்து கையை விட்டேன், முழங்கை வரைக்கும் போயிற்று. அப்படியே நம்ம ஊர்! அழுதுவிட்டேன். ஏர்ல் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

1988 அக்டோபர் 30

குளிர். என் பருத்திச் சேலைகளைப் பார்த்துவிட்டு ஏர்ல் ஒரு கம்பளிக் கோட்டு கொண்டுவந்து கொடுத்தார். அவர் மகளுடையதாம். பையில் ஒரு மிட்டாய்க் காகிதம் இருந்தது. எறிய மனசில்லை.

1988 நவம்பர் 16

லைப்ரரியிலிருந்து திரும்பும்போது லேபில் விளக்கு எரிந்தது. எல்லோரும் எப்போதோ போயாயிற்று. சன்னல் வழியாகப் பார்த்தால் ஏர்ல் மட்டும் ஸ்டூலில், கோட்டுப் போட்டபடி. இந்த மனுஷருக்கு வீட்டுக்குப் போகவே மனசில்லை போல. பாவம், வீட்டில் சண்டையோ என்னமோ.

1988 டிசம்பர் 9

எழுத வரவில்லை. இருந்தாலும் எழுதணும்.

டாக்டர் விட்மன் கூப்பிட்டார். ஜனவரியிலிருந்து என்னை வைத்துக்கொள்வது சந்தேகம் என்றார். வேலை சுத்தம், கணக்கு சுத்தம். ஆனால் சொன்ன சொல்லில் நிற்பதில்லையாம். வருகிறேன் என்கிறாய், வருவதில்லை, லேபில் அப்படிப்பட்ட ஆளை நம்பி ஒரு பரிசோதனையை ஒப்படைக்க முடியாது என்றார். திங்கட்கிழமை முடிவு சொல்கிறாராம்.

நானா? நானா வரல? ஒரு நாள் கிளாசுக்கு லேட்டா போயிருக்கேனா? காய்ச்சலோட போயி மண்ணச் சலிச்சேனே! யாரு சொன்னது? அந்த ஏர்ல்தான் சொல்லியிருக்கணும். கோட்டக் குடுத்துட்டு இப்படியா? அம்மாகிட்ட என்னன்னு சொல்லுவேன்? வாரேன்னு சொல்லிட்டுப் போனவ நாலாம் மாசமே வந்து நிக்கவா?

1988 டிசம்பர் 12

காலையில் நேரே லேபுக்குப் போனேன். கோட்டை மடித்து அவர் மேசையில் வைத்தேன். நான் எப்போது வருகிறேன் என்று சொல்லி வராமல் இருந்தேன், ஒரு நாளைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். என் இங்கிலீஷ் எனக்கே புரியாத வேகத்தில் போயிற்று.

ஏர்ல் மெதுவாகச் சொன்னார். "தினமும்."

"தினமுமா?"

"சாயங்காலம் கிளம்பும்போது தினமும் 'ஐ வில் கம்' என்று சொல்லிவிட்டுப் போகிறாய். நான் லேபைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ வருவதில்லை. வீட்டில் என் மனைவி ரூத் சாப்பாட்டை ஆறவைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐயோ.

போறேன் என்று சொல்ல வாய் கூசியதால், ஒவ்வொரு நாளும் பையை எடுத்துக்கொண்டு வாசலில் திரும்பி, "ஓக்கே ஏர்ல், ஐ வில் கம்" என்று சொல்லிவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்த் தூங்கியிருக்கிறேன். அம்மா பஸ்ஸை நிறுத்திச் சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் இங்கிலீஷில் செய்திருக்கிறேன்!

விளக்கிச் சொன்னேன். எங்கள் ஊரில் போகிறவர்கள் போகிறேன் என்று சொல்வதில்லை, இறந்தவர்கள்தான் போவார்கள், மற்ற எல்லோரும் வருவார்கள் என்று. சொல்லிக்கொண்டே சிரிப்பு, சிரிப்போடு அழுகை. ஏர்ல் மேசையில் கிடந்த கோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அப்படியென்றால் உங்கள் ஊரை விட்டு ஒருவரும் போவதே இல்லை."

"இல்லை."

"நல்ல ஊர்" என்றார். கோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு நேரே டாக்டர் விட்மன் அறைக்கு நடந்தார். உள்ளேயிருந்து டாக்டர் விட்மன் சிரிக்கிற சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. அவர் சிரித்து நான் கேட்டதே கிடையாது.

வேலை போகாமல் தப்பியது. ஆனால் அதை எழுத இப்போது உட்காரவில்லை. ஒரு மனுஷர் எனக்காகத் தினமும் காத்திருந்திருக்கிறார், அதுவும் வராதவளுக்காக. அடுத்த நாளும் நம்பியிருக்கிறார். அந்த விளக்கைப் பார்த்து வீட்டில் சண்டை என்று எழுதிய கழுதை நான்.

1988 டிசம்பர் 25

கிறிஸ்துமஸுக்கு ஏர்ல் வீட்டில். ரூத் அம்மா கதவைத் திறந்ததும் சொன்னது, "கடைசியில் வந்துவிட்டாய்!"

1989 பிப்ரவரி 2

லேப் சாவி ஒன்று எனக்கும். ஏர்ல் சத்தமில்லாமல் என் டீக் கோப்பைக்குள் போட்டு வைத்திருந்தார். விழுங்கியிருப்பேன்.

கிளம்பும்போது இப்போதெல்லாம் ஒழுங்காகக் குட்பை சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் அம்மா பஸ்ஸில் ஏறி வருகிற மாதிரி இருக்கிறது. பழகிவிடும்.

1989 ஆகஸ்ட் 20

அம்மாவோடு போன். ஊரில் போன் இருக்கிற நல்லமுத்து அண்ணாச்சி கடைக்கு வரச்சொல்லிப் பேசினேன். அமெரிக்கா தூரம் என்பதால் அம்மா கத்துகிறார்கள். ஏர்ல் கதையைச் சொன்னேன். அம்மா அங்கே நின்றவர்களுக்கும் சொல்ல, கடையே சிரித்தது போல. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "அவுக அத்தன நாளும் ஒக்காந்திருந்தாகளா? யாத்தே. அந்த மனுசர நல்லா வச்சிரும் ஆண்டவரே." அப்புறம், "இம்புட்டுப் படிச்சியே, நம்ம செவத்து வெடிப்பு எப்ப அடையும்?"

1990 மே 19

எம்.எஸ். முடிந்தது. டாக்டர் விட்மன் பி.எச்.டி.க்கு இடம் வைத்திருக்கிறார், ஜனவரியிலிருந்து. எனக்கு ஆசையா? உயிரே அதில்தான் இருக்கிறது. ஆனால் அப்பா எழுதிவிட்டார், படித்தது போதும், வந்துவிடு, விருதுநகரில் ஒரு மாப்பிள்ளை இடம் பார்த்திருக்கிறோம் என்று. எதிர்த்து எழுதத் தைரியமில்லை. என்னை இவ்வளவு தூரம் அனுப்பியவர்கள் அவர்கள்தானே.

ஏர்லும் ரூத்தும் ஏர்போர்ட்டுக்கு வந்தார்கள். வாசல் வந்ததும், "குட்பை ஏர்ல்" என்றேன்.

அவர் கையை விடவில்லை. "இன்றைக்கு அதைச் சொல்லமாட்டாயா?"

எனக்குப் புரிந்தது. வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருக்கலாம், எங்கள் ஊரில் அது வெறும் வழக்கம்தானே. ஆனால் அவர் காதில் அது சத்தியம். சொன்னால் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வருவேனா என்று எனக்கே தெரியாதபோது எப்படிச் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

1990 ஜூன் 10, மல்லாங்கிணறு

வெயில். புழுதி. அம்மா கையால் கருவாட்டுக் குழம்பு. இதைவிட என்ன வேண்டும்?

வெடிப்பு அப்படியே இருக்கிறது. சுவருக்கு ஒட்டி நிற்கிற வேம்பு மண்ணில் இருக்கிற தண்ணீரை எல்லாம் உறிஞ்சிவிடுகிறது, அதுதான் அந்த மூலை மட்டும் இறங்குகிறது, மரத்தை எடுத்தால் பாதி சரியாகும் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா மரத்தைப் பார்த்தார். அம்மா அடுப்படியிலிருந்தே, "செவரு போனாப் போகுது. வேம்பு நிக்கட்டும்" என்றார்கள். என் எம்.எஸ். அத்தோடு முடிந்தது.

1990 ஜூன் 24

விருதுநகர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பையன் பாங்கில். குறை சொல்ல ஒன்றுமில்லை. மேற்கொண்டு படிக்கணுமா என்று அவருடைய அம்மா கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "அதெல்லாம் முடிஞ்சதுங்க" என்றார். சரி, முடிந்தது.

1990 ஜூலை 3

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சும்மா கேட்டார்கள்.

"ஏம்மா, அந்த லேபுக்கார அய்யாகிட்ட கெளம்புறப்ப என்ன சொல்லிட்டு வந்த?"

"குட்பைன்னு."

"அப்படின்னா?"

"போறேன்னு அர்த்தம்மா."

கீரை கையிலேயே நின்றுவிட்டது. "வயசான மனுசன்கிட்ட போறேன்னா சொல்லிட்டு வந்த?"

"அங்க அப்படித்தாம்மா சொல்வாக."

"அவுக சொல்லட்டும். நீ எப்படிச் சொல்லலாம்? ஒனக்காக வெளக்கப் போட்டு ஒக்காந்திருந்தவுக. அவுக கேக்கலயா?"

கேட்டார் என்றேன். ஏன் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். சொன்னால் வரவேண்டியிருக்கும், வரமுடியாது, அதனால்தான் என்று. எவ்வளவு நாளாக அடைத்து வைத்திருந்தேனோ, ஜனவரி இடம், என் ஆசை, எல்லாமே கொட்டிவிட்டது. அழுதேன். தம்பி ஆலன் பள்ளிக்கூடப் புத்தகத்தை மூடிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அழுது அவன் பார்த்ததில்லை.

அம்மா முறத்தைத் தள்ளி வைத்தார்கள். அப்பா பக்கம் திரும்பினார்கள். "கேட்டீகளா? நம்ம பிள்ள அங்கன போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கு. ஒரு நல்ல மனுசன்கிட்ட. இப்படி விட்டா அது நல்லாவா இருக்கும்?"

அப்பா, "தெரசா, விருதுநகர்ல பேச்சு—" என்று ஆரம்பித்தார்.

"பேச்சுத்தான. காத்திருக்கிறவுக காத்திருக்கட்டும், இல்லன்னா வேற எடம். இவ போயி சொன்னத மாத்திச் சொல்லிட்டு வரட்டும்."

"மாத்திச் சொல்ல அமெரிக்கா போகணுமா?"

"பஸ்ஸ நிறுத்தினவதான நானு" என்றார்கள் அம்மா.

அப்பா எழுந்துபோய்ச் சுவர் வெடிப்பில் உதிர்ந்த சிமெண்டைத் தட்டிவிட்டார். அப்புறம் என்னிடம், "படிக்க அம்புட்டு ஆசையா கெடக்கா? எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார். கோபமாகத்தான் கேட்டார். ஆனால் தட்டில் எனக்கு முதலில் சோறு போட்டது அவர்தான்.

1990 ஜூலை 4

இடத்தை வைத்திருக்கச் சொல்லி டாக்டர் விட்மனுக்கு எழுதியாயிற்று. ஏர்லுக்கு எழுதவில்லை. அதை நேரில்தான் சொல்லணும்.

1991 ஜனவரி 8, அருப்புக்கோட்டை

பஸ் ஸ்டாண்ட். "போயிட்டு வாரேம்மா" என்று இறங்கி நின்று சொல்லிவிட்டுத்தான் ஏறினேன். அம்மா சிரித்தார்கள். கண்டக்டர் அதே ஆள்தான் என்று அப்பா சொல்கிறார். எனக்கு அப்படித் தெரியவில்லை.

1991 ஜனவரி 14, டெக்சாஸ்

மாலை லேபுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. ஏர்ல் ஸ்டூலில்.

"ஐ வில் கம்" என்றேன் வாசலில் நின்றே. "மே மாதம் சொல்லியிருக்க வேண்டியது. அம்மா திருத்தி அனுப்பினார்கள்."

அவர் தொப்பியை எடுத்தார், தலையைத் தடவினார், மறுபடி வைத்துக்கொண்டார். மூக்கை உறிஞ்சினார். பிறகு, ஜூலையிலிருந்து ஒரு மண் மாதிரியை ஊறப்போட்டு வைத்திருக்கிறேன், உப்பியிருக்கிறதா என்று பார் என்று வேலையைக் கையில் கொடுத்தார். நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

ஐந்து மணிக்கு எனக்கு முன்னால் அவர் கிளம்பினார். சாவியை மேசையில் வைத்தார். வாசலில் நின்று திரும்பி, "ஓக்கே ஸ்டெல்லா, ஐ வில் கம்" என்று சொல்லிவிட்டு, ரூத் சூடாக வைத்திருக்கும் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

அவர் திரும்பி வரமாட்டார் என்று தெரியும். இருந்தாலும் கொஞ்ச நேரம் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.