ஆயில் எஞ்சினைத் தூக்க ஒரு வழி

அரிமளம்,
திங்கட்கிழமை

அன்பு மகள் கார்முகிலுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். ஓசூரில் நேரத்துக்குச் சாப்பிடு.

முதலில் கொஞ்சம் சிரித்துக்கொள். நேற்று முன்தினம் புதுக்கோட்டைக் கடையொன்றில், சங்கிலியை இழுத்துக் கனம் தூக்கும் செயின் பிளாக் பார்க்கப் போனேன். சிமெண்ட் மூட்டையைக் கொக்கியில் மாட்டி, இழுத்துப் பாருங்கண்ணே என்றார் கடைக்காரர். மடித்துக் கட்டிய வேட்டி நுனியும் கொக்கியில் மாட்டியது எனக்கு எங்கே தெரிந்தது? வீரமாக இழுத்தேன். மூட்டையோடு வேட்டியும் மேலே போயிற்று. கடையில் இருந்தவர்கள் மரியாதையாகச் சுவரைப் பார்த்தார்கள்.

அதிலிருந்து ஒரே குழப்பம். நம் பட்டறைக்கு வருவதில் பெரிய கனமே ஆயில் எஞ்சின்தான், இருநூறு கிலோ இருக்கும். கடைக்காரரோ ரெண்டு டன் வாங்குங்க, கெத்தா இருக்கும் என்கிறார். யானையா ரிப்பேருக்கு வரப்போகிறது? சக்கரம் வைத்துத் தள்ளும் கிரேனும் இருக்கிறது. நம் தரை பாதி மண். மழை பெய்தால் கிரேனைத் தூக்க இன்னொரு கிரேன் வேண்டும். கூரைப் பைப்பில் தொங்கவிட்டால் எஞ்சின் ஏறாது, கூரைதான் இறங்கும். மூன்று கால் ஸ்டாண்டு, அதில் ஒரு டன் செயின் பிளாக் என்று நினைத்திருக்கிறேன். சரிதானா? கம்பெனியில் இதையெல்லாம் பார்க்கிறவள் நீ. வியாழனுக்குள் சொல்.

வெள்ளிக்கிழமை பொன்னமராவதியிலிருந்து ஒரு எஞ்சின் வருகிறது. நம் வழக்கம் உனக்குத் தெரியும். வேப்பங்கிளை இரட்டைக் கப்பியில் நான் கயிறு இழுப்பேன், அம்மா எஞ்சினைப் பிடித்து மேடைப் பக்கம் திருப்புவாள். சித்திரையில் அது அவள் காலில் இறங்கி இரண்டு விரல் நசுங்கிய பிறகும், காலுதான் ஆறிப்போச்சே, நான் இருக்கையில ஒங்களுக்கு மிஷினு எதுக்குங்க என்கிறாள். வெள்ளிக்கிழமைக்கு இப்போதே தயாராக நிற்கிறாள். எனக்குத்தான் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது.

வழுக்கும் கயிற்றை விற்றுக் காலை நசுக்கிவிட்டதாகச் சந்தையில் கயிற்றுக்கடை இருளாண்டியை அவள் பேசிய பேச்சுக்கு, அந்த மனுஷன் தலையைச் சொறிந்துகொண்டு புதுக் கயிறு ஒன்றைச் சும்மாவே கொடுத்துவிட்டார். நான் பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்றேன்.

செயின் பிளாக்கில் ஒன்று பார்த்தேன் மகளே. பாதியில் கையை விட்டாலும் மூட்டை அப்படியே அந்தரத்தில் நிற்கிறது. நான் ஐந்தாறு தடவை விட்டு விட்டுப் பார்த்தேன். கடைக்காரர் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார்.

போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துவிடு. நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

கயிறு வழுக்கவில்லை கார்முகில். தை மாதத்திலிருந்து என் வலது கை மரத்துப் போகிறது. அன்றைக்கு நான்தான் விட்டுவிட்டேன்.

உன் அப்பா,
நிலவழகன்