ஷெரினை வேறு பள்ளியில் சேர்த்தேன்

புக்கிட் ரம்பாய்
12.8.2024

அன்புள்ள ஷெரின் அப்பாவுக்கு,

இங்கே நலம். பாசிர் கூடாங் சாப்பாடு இப்போதாவது ஒத்துக்கொள்கிறதா? போனில் பேசினால் இருவருமே கத்திவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ஷெரின் வகுப்பிலிருந்து ஓடி, கேட்டைத் தாண்டி ரோட்டுக்கே போய்விட்டாள். ஒரு லோரிக்காரர்தான் வண்டியை நிறுத்தி, கையைப் பிடித்துக் கூட்டி வந்தாராம். அடி எதுவும் இல்லை.

கோமளா டீச்சர் என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டார். "இவள பக்கத்துலயே உட்கார வச்சித்தான் சொல்லிக் கொடுக்கிறேன் மோனிக்கா. போர்டு பக்கம் திரும்பினேன், ஆளக் காணோம். கிளாஸ் முழுக்கப் பிள்ளைங்க. நான் ஒருத்தி எப்படிலா பார்க்கிறது?"

எனக்கு அழுகை வரவில்லை. சரி டீச்சர் என்றேன்.

ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி ஒரு வருடமாகிறது. நம் தமிழ்ப்பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பு இல்லை. தெங்கேரா பக்கம் ஒரு மலாய்ப் பள்ளியில் இருக்கிறது. அங்கே மாற்றட்டுமா?

மோனிக்கா

பாசிர் கூடாங்
21.8.2024

அன்பு மோனிக்கா,

ஆண்டவர்தான் பிள்ளையைக் காப்பாற்றினார். ஆனால் அந்த வகுப்பு வேண்டாம். நானும் சின்ன வயதில் லேட்டாகத்தான் பேசினேன் என்று அம்மா சொல்வார். அங்கே போட்டால் சர்ச்சில் நாலு பேர் என்ன பேசுவார்கள்? தமிழும் போய்விடும். இங்கே வேலை செய்யும் ஷிப்யார்டில் எல்லோரிடமும் என் மகள் நன்றாகப் படிக்கிறாள் என்று சொல்லியிருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வருவேன், அப்போது பேசிக்கொள்வோம். குட்டிக்கு முத்தம்.

பிரையன்

புக்கிட் ரம்பாய்
30.9.2024

ஷெரின் அப்பாவுக்கு,

கிறிஸ்துமஸ் வரை காத்திருக்க முடியவில்லை. மாற்றிவிட்டேன். வேலையில் இரவு ஷிஃப்டு கேட்டு வாங்கிக்கொண்டு, காலையில் நானே கொண்டுபோய் விடுகிறேன். இரவில் என் அம்மா வந்து அவளோடு படுத்துக்கொள்கிறார்.

சின்ன வகுப்பு. டீச்சர் மலாய்க்காரர், கூட ஓர் உதவியாளரும் இருக்கிறார். பாத்ரூம் போகவேண்டுமென்றால் படத்தைத் தொட்டுக் காட்டப் பழக்குகிறார்கள். முதல் வாரம் முழுக்கக் கத்தினாள். இப்போது கத்துவதில்லை. டீச்சர் என்னிடம் தமிழ்ச் சொற்களைக் கேட்டுக் கேட்டு, "வா, உட்காரு" என்று தமிழிலேயே கூப்பிடுகிறார். கேட்க வேடிக்கையாக இருக்கிறது. சிரிக்கத்தான் தோன்றவில்லை.

மோனிக்கா

பாசிர் கூடாங்
11.10.2024

மோனிக்கா,

எல்லாம் நீயே முடிவு செய்கிறாய். அப்புறம் நான் எதற்கு? பழைய பள்ளியிலேயே திரும்பச் சேர்த்துவிட்டுச் சொல். அப்போது வருகிறேன்.

பிரையன்

புக்கிட் ரம்பாய்
2.12.2024

பிரையன்,

பதில் எழுத நாளாகிவிட்டது. கோபமெல்லாம் இல்லை. வேலை, தூக்கம், பள்ளி என்று நாள் போய்விடுகிறது.

திரும்பச் சேர்க்கப் போவதில்லை. ஷிப்யார்டில் நீங்கள் சொன்னதை மாற்ற வேண்டாம். அவள் படித்துக்கொண்டுதான் இருக்கிறாள். நேற்று தன் தட்டைத் தானே எடுத்துப்போய்க் கழுவினாள். தரையெல்லாம் தண்ணீர். நான் துடைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கிறிஸ்துமஸுக்கு மனம் மாறி வருவதானால் முன்கூட்டியே சொல்லுங்கள். வாசல் கதவைத் திறக்க ஷெரின் பழகிவிட்டாள். அதனால் பூட்டை மாற்றியிருக்கிறேன். உங்களிடம் இருக்கும் சாவி இதற்குச் சேராது.

மோனிக்கா