பிடுங்கி நட்ட ஆவாரை

அன்புள்ள தங்கலட்சுமிக்கு,

நான் நலம். உன் கால்வலி குறைந்ததா? அம்மா மாத்திரை போடுகிறாரா?

இங்கே ரியாத்தில் பூங்காச் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது வெயிலில் லேசாகத் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரி குழாயை என் தலைப்பக்கம் திருப்பினார். வாடிய செடிகளுக்கு முந்தி நான் நிமிர்ந்துவிட்டேன். பயப்படாதே.

“கம்மாக்கரையில புடுங்கியாந்து வச்ச ஆவாரஞ்செடி கருகிப்போச்சு, நம்ம வீட்டு மண்ணே சரியில்ல” என்று போனில் அழுதாய். மண்ணில் குறையில்லை. பிடுங்கும்போதே ஆணிவேர் அறுந்திருக்கும். அதே இடத்தில் விதை போடு. முளைக்காவிட்டால் மறுபடி போடு, விடாதே. செடி நிமிர்ந்ததும் தினமும் தண்ணீர் ஊற்றாதே. வேர் ஈரம் தேடிக் கீழே இறங்கட்டும்.

லீவில் வந்து இதைத் தரும் முனீஸ்வரன் இங்கே திரும்பும்போது அவனிடம் உன் பழைய சேலையில் தலையணை உறை ஒன்று தைத்துக் கொடுத்தனுப்பு. இங்குள்ளது அரிக்கிறது.

அவன் ஏர்போர்ட் போக வண்டி வந்துவிட்டது. ஆவாரை பூத்தால் போட்டோ அனுப்பாதே. நான் வந்துதான் பார்ப்பேன்.

மாரிக்கண்ணன்