புல்லைத் தடவிய கால்

நேற்று அறந்தாங்கியிலிருந்து நம் காமாட்சியைப் பெண் பார்க்க வந்தவர்களின் வாடகை மோட்டார், வாசல் மணலில் எண்ணெயை ஒழுக்கிவிட்டுப் போயிருக்கிறது. காலையில் கூட்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். உங்கள் வாசனை. சந்தனம் மணக்கும் புருஷன் மற்றவர்களுக்கு வாய்த்திருக்கலாம்; எனக்கு வாய்த்தவர் மோட்டார் கழிவெண்ணெயும் வெயில் பட்ட மணலுமாகத்தான் வீட்டுக்கு வருவார். அந்தக் காக்கி அரைக்கால் சட்டையைச் சவுக்காரம் போட்டு எவ்வளவு கசக்கினாலும் வாசனை போகாது. விளக்குமாறும் கையுமாக நின்று அழுதேன்.

நீங்கள் போனதிலிருந்து மனசுக்குள்கூட உங்களிடம் பேசாமல்தான் இருந்தேன். ஒரு கோபம் பாக்கி இருந்தது. அது நேற்றுத்தான் தீர்ந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கு என்னைக் கேட்டு வந்த அன்று தரகர் பட்ட பாடு நினைவிருக்கிறதா? என் அப்பா அவரை விடவே இல்லை.

"மாப்பிள்ளைக்கு என்ன வேலை?"

"கிளப்புல துரைமாருக்கெல்லாம் பந்தாட்டம் சொல்லிக்குடுக்குறாருங்க. கோல்ஃப்புன்னு பேரு. கம்பால பந்தை அடிக்கிறதுங்க."

"அடிச்சுட்டு?"

"எங்க விழுந்துச்சுன்னு நடந்து போயிப் பாப்பாருங்க."

"பாத்துட்டு?"

"மறுபடி அடிப்பாருங்க."

அப்பா கடைசியில், "சரி, கை காலு தெடமா இருக்கும்" என்று சம்மதித்தார். இதைச் சொல்லிச் சொல்லி நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் சிரிப்புக்குப் பின்னால் உங்களுக்கு ஒரு வருத்தம் இருந்ததும் எனக்குத் தெரியும். எவ்வளவு நன்றாக ஆடினாலும் ஊர்க்காரர்களுக்கு அது ஒரு வேலையாகவே படவில்லை.

கல்யாணமான புதிதில் ஒருநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பொட்டலைக் காட்டினீர்கள். பெயருக்குக்கூடப் புல் இல்லை. செம்மண்ணும் சரளையும்தான். பந்து விழ வேண்டிய குழியைச் சுற்றி மட்டும் வட்டமாக மணலைக் கொட்டி, மோட்டார் கழிவெண்ணெயை ஊற்றிப் பிசறி இறுக்கியிருந்தார்கள். பிரவுன் என்று பெயர் சொன்னீர்கள். அதில் கால் தடமும் பந்துத் தடமும் விழுந்துகொண்டே இருக்கும். அதனால் குழியை நோக்கிப் பந்தைத் தட்டுவதற்கு முன்னால், போகிற வழியைச் சாக்கை இழுத்துச் சமன் செய்துகொள்ளலாம். சாக்கு பக்கத்தில் இல்லாவிட்டால் காலாலேயே தடவி விடுவார்கள். கோலம் போடுவதற்கு முன் நான் வாசலைச் சமன் செய்வது போலத்தான் இருந்தது. "இதுக்குப் போயி சம்பளம் குடுக்குறாங்களா?" என்று கேட்டேன். நீங்கள் அடித்த பந்து கண்ணுக்குத் தெரியாத உயரத்துக்குப் போய், அந்த மணல் வட்டத்துக்குள் வந்து விழுந்தது. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

மலைக் கிளப் ஒன்றில் உங்கள் ஆட்டத்தைப் பார்த்து அழைத்துக்கொண்டார்கள். கோடையும் அதை ஒட்டிய மாதங்களும் நீங்கள் நீலகிரியில். மழை பிடித்துக்கொண்டால்தான் இங்கே. வெள்ளிக் கோப்பைகளோடு வருவீர்கள். கோப்பையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? காமாட்சி பிறந்தபோதும் நீங்கள் இல்லை. விஷக்காய்ச்சல் வந்து அவளுக்கு இடது காது கேட்காமல் போனபோதும் இல்லை. திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டவர், அன்று முதல் அவளுக்கு வலது பக்கமாகவே நடந்தீர்கள். அவள் இடம் மாறினால் நீங்களும் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவீர்கள்.

அப்புறம்தான் அந்தப் பந்தயம் வந்தது. சம்பளத்துக்கு ஆடுகிறவர்களுக்குள்ளேயே போட்டி. ஜெயிக்கிறவருக்கு மலைக் கிளப்பில் நிரந்தர உத்தியோகம்; குடும்பத்தோடு இருக்க ஓட்டு வீடும் உண்டு. "இனிமே நீ இங்கிட்டும் நான் அங்கிட்டுமா இருக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் பாத்திரங்களையே மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

நீங்கள் திரும்பி வந்தது ஒரு மத்தியானம்.

"செயிச்சுட்டீங்களா?"

"இல்ல, தோத்துட்டேன். பழையது இருக்கா?"

சாப்பிட்டுக்கொண்டே சொன்னீர்கள். கடைசிக் குழி வரைக்கும் ரெண்டு பேரும் சமம். உங்கள் பந்து குழிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. குழந்தைகூடத் தட்டிவிடும் தூரம். தட்டப் போகுமுன் உங்கள் கால் தன்பாட்டுக்கு நீண்டு, வழியை ஒரு தடவு தடவிவிட்டது. நம் பொட்டல் பழக்கம். அங்கே இருந்ததோ புல். புல்லில் அந்த வழியைத் தொடவே கூடாது. தொட்டால் அந்தக் குழி எதிராளிக்கு. எதிராளி முதுகைக் காட்டிக்கொண்டு முகம் துடைத்துக்கொண்டிருந்தார். நடுவர் இன்னும் வந்து சேரவில்லை.

"யாரும் பாக்கலையா?"

"பாக்கல."

"பெறகு எதுக்கு நீங்களாப் போயி நடுவர்கிட்டச் சொன்னீங்க?"

"காலு என்னுதுதானே" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தைக் கடித்தீர்கள். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். அப்புறம் கயிற்றுக் கட்டிலில் படுத்துத் தூங்கியும் போனீர்கள். நான் மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொரு பாத்திரத்தையும் வேண்டுமென்றே ஓங்கி வைத்தேன். நீங்கள் அசையவில்லை.

எனக்கு ஆறவே இல்லை. தோற்றதுகூடப் பெரிதில்லை. வீடும் வாழ்வும் கையை விட்டுப் போன அன்றைக்கு, ஒரு மனுஷனுக்குச் சோறு எப்படி இறங்கும்? அதுதான் என் கோபம்.

அந்த உத்தியோகம் எதிராளிக்குப் போயிற்று. நீங்கள் பொட்டலுக்கே திரும்பினீர்கள். யுத்தம் வந்ததும் சீமையிலிருந்து பந்து வருவது நின்றது. பழைய பந்துகளுக்கு வெள்ளைச் சாயம் பூசி, என் வடகத்துக்குப் பக்கத்தில் காய வைப்பீர்கள். நாம் சேர்ந்து குடித்தனம் நடத்தியது அந்த வருஷங்களில்தான். அதையும் நான் மறைக்கக் கூடாது. அதுவும் நெடுநாள் நீடிக்கவில்லை. மகளைத் தொட்ட அதே காய்ச்சல் உங்களைக் கொண்டே போய்விட்டது. கடைசி நாளில் நினைவு தப்பிய பிறகும் உங்கள் கை பாயை நீவிக்கொண்டே இருந்தது. நான் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தவில்லை.

நேற்றுக்கு வருகிறேன். வந்தவர்கள் நல்ல மனுஷர்கள். பையன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். என் அண்ணன் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்: "ஒரு காதுதானே? மாப்பிள்ளையோட ஆத்தாவ வலது பக்கமா ஒக்கார வையி. ஒருத்தருக்கும் தெரியாது. இத விட்டா வேற எடம் அமையாது, பாத்துக்க." நானும் அப்படியே உட்கார வைத்தேன். அந்த அம்மாள் கேட்டதற்கெல்லாம் காமாட்சி அழகாகப் பதில் சொன்னாள். அவர் முகம் மலர்ந்து, பிள்ளை தலையில் வைத்துவிடத் தட்டிலிருந்து பூவை எடுத்தார். பூ வைத்துவிட்டால் முடிந்த மாதிரிதான்.

"ஒரு விசயம் சொல்லணுங்க" என்றேன். "புள்ளைக்கு எடது காது கேக்காது."

பூ தட்டுக்கே திரும்பிப் போயிற்று. "கலந்துக்கிட்டுச் சொல்லியனுப்புறோங்க" என்று எழுந்துவிட்டார்கள். பலகாரத்தைத் தொடவில்லை.

மோட்டார் தெருமுனை திரும்பியதுதான் தாமதம், அண்ணன் கத்தினார்: "யாரு கேட்டா ஒன்னைய?"

"யாரும் கேக்கலண்ணே."

அவரும் சாப்பிடாமல் போய்விட்டார். அந்த மோட்டார் மறுபடி நம் தெருவுக்கு வருமா, எனக்குத் தெரியாது. மகள் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு உள்ளே போனேன். அவள் பட்டுப் புடவையை மாற்றிவிட்டு அடுப்படியில் நின்றிருந்தாள்.

"பசிக்குதுத்தா. எலை போடவா?" என்றாள். உங்கள் மகள்.

அவளுக்கு வலது பக்கமாக உட்கார்ந்தேன். ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தபோதுதான் தெரிந்தது, எனக்கும் அவ்வளவு பசி. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.