உடைய மறுத்த குடம்

நூம்பல்,
சனிக்கிழமை.

அன்புள்ள சுதாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. முட்டி வலியைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நான் சுகம்தான். கவுகாத்தியில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். இங்கே நேற்று முழுக்க மழை, தெருவில் தண்ணீர் நின்று பால் ஒன்பது மணிக்குத்தான் வந்தது. போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் மழுப்பிவிட்டேன், அது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

ஜனநாயகம் எவ்வளவு லேசில் நொறுங்கும் என்பதைக் கதைகளில் வரும் பொருள்கள் எப்படிக் காட்டுகின்றன என்று கட்டுரை எழுதுகிறாய், ஒரு கதையில் நாற்காலி, ஒன்றில் கண்ணாடிப் பெட்டி என்றெல்லாம் சொல்லிவிட்டு, உன் நாடகத்தில் அந்தக் குடத்தை எதற்கம்மா வைத்தாய் என்றாய். அப்போது நீ ஆறாம் வகுப்பு, ஆவடி குவார்ட்டர்ஸ் பொங்கல் விழாவுக்கு நான் எழுதிக் கொடுத்த நாடகம். ஊரார் ஓலை போட்ட குடவோலைக் குடத்தைப் பெரியதனக்காரர் கடைசியில் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும், ஓலைகள் சிதற வேண்டும், திரை விழ வேண்டும். ஒத்திகையிலேயே இரண்டு மண்குடம் போய்விட்டது. உன் அப்பா, கவலைய வுடு பத்மா நான் பண்ணித் தர்றேன் என்று தொழிற்சாலைக் கூட்டாளிகளோடு உட்கார்ந்து தகரத்தில் தட்டி, செம்மண் நிறம் பூசி, அசல் மண்குடம் மாதிரியே கொண்டுவந்தார். பீரங்கி வண்டி செய்கிற கைகள். உடைய வேண்டிய குடம் ஆயிற்றே என்று அவர்களில் ஒருத்தர்கூட யோசிக்கவில்லை, எழுதின எனக்கும் தோன்றவில்லை. மேடையில் ஓங்கிப் போட்டதும் டங்கென்று குதித்து உருண்டு முன்வரிசையில் போய் நின்றது, கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது, நீயும்தான். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. ஒடையற மாதிரி செய்ய எங்களுக்கு யாரும் கத்துத் தரலியே என்றார் பாவம். அந்த மனுஷனோடு இன்னும் ஒரு தரம் சண்டை போட்டுவிட்டு, கோபம் தணியாமலே சோறு போட வேண்டும் போல இருக்கிறது சுதா.

ஆனால் நான் மழுப்பினது அதற்காக இல்லை. நம் அடுக்ககச் சங்கத்துக்கு இந்த வருஷம் தேர்தல் வைக்கிறார்கள். எட்டு வருஷமாக அய்யாசாமிதான் போட்டியில்லாமல் செயலாளர். கீழ்வீட்டுக் கஸ்தூரி, குமணன்சாவடியில் இட்லிக் கடை வைத்திருக்கிறாளே, அவள் எதிர்த்து மனுக் கொடுத்தாள். மொட்டை மாடியைப் பூட்டிச் சாவியை அவர் இடுப்பில் வைத்திருப்பதால் யாரும் துணி காயப்போட முடிவதில்லை என்பது அவள் கோபம், நியாயமான கோபம். அய்யாசாமி என்னிடம் வந்து, நீங்க சொன்னா அது கேட்டுக்கும் டீச்சர் என்று குழைந்தார். நானும் பெரிய மனுஷி தோரணையில் ஒரு டம்ளர் காபியோடு போய், ஒரே கட்டடம், தினமும் முகம் பார்க்கணும், எதுக்கும்மா ஓட்டும் பகையும் என்றேன். மறுநாளே வாபஸ் வாங்கிவிட்டாள். அதற்கு இரண்டாம் நாள்தான் உன் போன் வந்தது. நான் எழுதின நாடகமே தப்பு, பெரியதனக்காரர் மீசையை முறுக்கிக்கொண்டு வந்து உடைப்பார் என்று எழுதினேன். நான் சிரித்த முகமாகப் போய்ச் சத்தமில்லாமல் முடித்துவிட்டு வந்தேன். வேண்டுமானால் உன் கட்டுரையில் சேர்த்துக்கொள், பெயர் மட்டும் போடாதே.

இன்று காலை பொறுக்க முடியாமல் கஸ்தூரி வீட்டுக்குப் போனேன். நான் செய்தது தப்பு, நாளை வரைக்கும் மனுக் கொடுக்கலாம், திரும்ப நில்லு என்றேன். மாவுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தவள், நீ சொன்னது ஞாயம்னு நான் வாபஸ் வாங்கல டீச்சரம்மா, உன் மேல கீற மரியாதிக்குத்தான் வாங்கினேன், இப்ப அது கொஞ்சம் கொறஞ்சி போச்சி, அதனால நிக்கிறேன் என்றாள். முன்மொழிய ஆள் வேண்டும் என்று தாளையும் என் முன்னால் நீட்டினாள். கையெழுத்துப் போட்டேன். முப்பத்தைந்து வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மார்க் போட்டவளுக்கு இப்படி ஒருத்தரும் மார்க் போட்டதில்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, ராத்திரி தயிர் வேண்டாம். இருவரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும். அடுத்த ஞாயிறு ஓட்டு, அன்றைக்குப் போன் செய்தால் நான் வரிசையில் நிற்பேன், எடுக்க மாட்டேன்.

உன் அம்மா,
பத்மா லட்சுமணன்