முல்லைத்தீவைத் தேடுகிறவர்கள்

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். கத்தாரில் இப்போது வெயில் எப்படி?

நீங்கள் சொன்னபடி, இங்கே முல்லைத்தீவில் உள்ள எங்கள் கேக் கடையின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒவ்வொரு கேக் படத்தின் கீழும் முல்லைத்தீவு என்று ஹேஷ்டேக் போட்டேன். அந்தப் பெயரைத் தேடியவர்களின் கண்ணில் படங்கள் பட்டன. லைக்கும் நிறைய வந்தது. லைக் போட்டவர்கள் எல்லாரும் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள்.

பக்கத்துத் தையல்கடை அருந்ததி அக்காவிடம் சொன்னேன். "இஞ்ச இருக்கிற சனம் முல்லைத்தீவை ஏன் தங்கச்சி போனில தேடப்போகுது?" என்றார்.

இடம்பெயர்ந்து இருந்த புத்தளத்துக்கே திரும்பி வரச்சொல்லி உம்மா கேட்கிறார்.

லீவில் வரும்போது கேக் அடிக்கும் பெரிய மெஷின் கொண்டுவருவதாக எழுதியிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். நேற்று நீங்கள் லைக் போட்ட கேக்தான் கடைசியாகச் செய்தது, போன பெருநாளுக்கு.

உங்கள் மனைவி