மாற்றிச் சொன்ன பதில்

12.8.79, ஞாயிறு. சங்கரன்கோவில்

கரையான் ஆராய்ச்சிக்காக ஸ்வீடனிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்திருக்கும் எரிக்கை இன்று கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் கூட்டிப்போனேன். ஆள் உயரப் புற்றைக் கண்டதும் மண்வெட்டியைத் தூக்கிவிட்டார். புற்றுக்கு மஞ்சள் பூசியிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

நிலத்துக்காரர் மாடசாமி அண்ணாச்சி ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"இது நாங்க கும்பிடுத சாமில்லா சார். ஓடைக்கரையில வேற புத்து கெடக்கு, அதை வெட்டுங்க. ஆனா உள்ள என்ன கண்டீயன்னு ஊருக்கு வந்து சொல்லணும். முன்ன வந்தவுக மண்ணை அள்ளிட்டுப் போனதோட சரி."

எரிக்கிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். "கட்டுரை அச்சானதும் கல்லூரிக்கு அனுப்புவோம்" என்றார். அந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு அண்ணாச்சி என்ன செய்வார்? "கண்டிப்பா வந்து சொல்லுவாராம்" என்று மாற்றிச் சொல்லிவிட்டேன். அண்ணாச்சி முகம் மலர்ந்துவிட்டது. குடிக்க மோர் கொடுத்து, அவரே எங்களை ஓடைக்கரைக்குக் கூட்டிப்போனார்.

திரும்பும்போது பஸ்ஸில் எரிக்கிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "ஊருக்குத் திரும்பி வந்து சொல்வதற்கு எங்கள் திட்டத்தில் இடமே இல்லையே" என்றார்.

அப்படியானால் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும். என்ன கண்டார்கள் என்று எனக்காவது யாரும் சொல்வார்களா, தெரியவில்லை. கண் சொக்குகிறது.